மகன் மஸ்ராங் வாங்கியிருக்கிறான். பின்சில்லுக் காரை ஸ்நோவில் ஓட்டலாமா?

கொக்குவில் கராஜ் (யாழ்ப்பாணம்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் முப்பத்தெட்டு வருடம் கார் திருத்தியவன் நான். இப்போது கராஜை மருமகன் பார்க்கிறார். நான் கதிரையில் இருந்தபடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் குறை சொல்கிற ஆள்.

என் மகன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். படிக்கப் போனவன், இப்போது வேலை செய்கிறான். வருகிறது அவனுக்கு நாலாவது குளிர்காலம். இதுவரை பழைய கொரோலா ஒன்று வைத்திருந்தான். ஆவணியில் அதை விற்றுவிட்டு ஒரு ஃபோர்ட் மஸ்ராங் வாங்கியிருக்கிறான். 2018ஆம் ஆண்டுக் கார், 2.3 லீற்றர் டர்போ எஞ்சின், கையால் மாற்றுகிற ஆறு கியர். வீடியோவில் காட்டினான். வடிவான கார்தான், மறுக்கவில்லை. பொனற்றைத் திறக்கச் சொல்லி அரை மணித்தியாலம் பார்த்தேன். பிறகு "ரயரைக் காட்டு" என்றேன். நாலும் 255/40, 19 அங்குலம், வெட்டுக் குறைந்த கோடைகால ரயர். அதைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு நித்திரை குறைவு.

கொரோலா முன்சில்லு இழுக்கிற கார். எஞ்சின் பாரம் முழுக்க இழுக்கிற சில்லின் மேலேயே இருக்கும். மஸ்ராங்கில் பாரம் முன்னுக்கு, தள்ளுகிற சில்லு பின்னுக்கு. "மூண்டு வின்ரர் ஓடிப்போட்டன் அப்பா, எனக்குத் தெரியும்" என்கிறான். அவன் ஓடிப் பழகியது வேறு மாதிரியான கார் என்பதுதான் என் பயம்.

நான் ஸ்நோவைக் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கிற ஈரம். ஆனால் பின்சில்லு வழுக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பெற்றோல் இல்லை. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவோம். அப்போது ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் ஒன்றை வாடகைக்கு ஓட்டினேன். மாரியில் ஒரு இரவு, பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்ட ஒழுங்கையால் வருகிறேன். செம்மண் நனைந்து வெண்ணெய் மாதிரிக் கிடந்தது. வளைவில் அவசரப்பட்டு அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட மிதித்தேன். காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு போய் வேலிக்குள் இறங்கியது. கிடுகு வேலி என்பதால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. அந்தக் காருக்கு 42 குதிரைவலு. மகனின் காருக்கு 310.

என் கேள்விகள் இவை. அந்தக் காரைக் குளிர்காலத்தில் ஓட்டவே கூடாதா, ஓட்டலாம் என்றால் எப்படி? "இதிலை ஸ்நோ மோட் இருக்குது, பட்டனை அமத்தினால் கார் தானே பாக்கும்" என்கிறானே, உண்மையா? வல்லிபுரக் கோயில் தீர்த்தத்துக்குச் சனம் ஏற்றிப் போய் மணலில் புதைந்தால் ரயர்க் காற்றைக் குறைத்து, சில்லுக்குக் கீழே காவோலை போட்டு எடுப்போம். ஸ்நோவுக்கும் அப்படிக் காற்றைக் குறைக்கலாமா? கார் பழக்கும்போது "ஈரத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதி" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அது அங்கேயும் சரியா?

---

ரோ ட்ரக் தம்பி (ஸ்காபரோ) எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். எனக்குச் சாவகச்சேரி. இங்கே பதினாறு வருடமாக ரோ ட்ரக் ஓடுகிறேன். குளிர்காலத்தில் பள்ளத்துக்குள் இருந்து கார் இழுப்பதுதான் என் வேலை என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஓட்டலாம். ஆனால் இப்போது போட்டிருக்கிற ரயரோடு ஒரு நாள்கூட ஓடக் கூடாது. ஸ்நோ விழவேண்டும் என்றில்லை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினாலே கோடைகால ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும். காய்ந்த தெருவிலும் பிடி போய்விடும். கடும் குளிரில் அந்த இறப்பரில் வெடிப்பு விழலாம் என்று ரயர் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். வின்ரர் ரயரின் இறப்பர் குளிரிலும் மெதுமையாக இருக்கும். அதன் கட்டைகளில் மயிரிழை போல நூற்றுக்கணக்கான கீறல்கள் உண்டு, அவைதான் பனியைக் கவ்வும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்க வேண்டும். வெறுமனே எம் அன்ட் எஸ் (சேறும் ஸ்நோவும்) என்று மட்டும் அடித்திருந்தால் அது போதாது.

நாலு ரயரும் மாற்ற வேண்டும், ஐயா. பின்சில்லுதானே தள்ளுகிறது என்று பின்னுக்கு மட்டும் இரண்டு வாங்கிப் போடுகிற பொடியன்கள் இருக்கிறார்கள். கார் வெளிக்கிடும், ஆனால் திரும்பாது, நிற்காது. பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன்சில்லுத்தான் செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

காற்றுக் கதைக்கு வருகிறேன். மணலில் ரயரை அகலமாக்கி மேலே மிதக்க விடுகிறோம். தெருவில் கிடக்கிற ஸ்நோவில் நடப்பது அதற்கு நேர்மாறு. ஒடுக்கமான ரயர்தான் ஸ்நோவை வெட்டிக்கொண்டு கீழே பிடிக்கும். அதனால் 18 அங்குலச் சில்லில் 235/50 போடச் சொல்லுங்கள் (முதல் எண்தான் அகலம், மில்லிமீற்றரில்), அந்தக் காருக்கு அந்த அளவு பொருந்தும். முன்பிரேக் பெரிதாக இருந்தால் கலிப்பர் சில்லில் முட்டாதா என்று முதலே அளக்க வேண்டும். காற்றைக் குறைக்கவே கூடாது. குளிர் தானாகவே குறைத்துவிடும், ஐந்தாறு பாகை இறங்கினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. போய்விடும். கிழமைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஸ்நோ மோட் பொய் இல்லை. அக்சிலேற்றரை மெதுவாக்கும், சில்லு சுழலத் தொடங்கினால் எஞ்சினை அடக்கும். கார் பக்கவாட்டில் போகப் பார்த்தால் ஒவ்வொரு சில்லாகப் பிரேக் பிடித்து நேராக்கும் கருவியும் உண்டு. 2011 செப்ரெம்பருக்குப் பிறகு செய்த கார்களில் அது இருந்தே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் இவை எல்லாம் ரயருக்கு இருக்கிற பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். இல்லாத பிடியை எந்தப் பட்டனும் தராது.

பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது ஏ40க்குச் சரி. மகனின் காரில் சில்லு இறுகி நின்று வழுக்காமல் பார்க்கிற ஏ.பி.எஸ். கருவி அந்த வேலையை மனிதக் காலைவிடப் பலமடங்கு வேகமாகச் செய்கிறது. அவன் இடையில் காலை எடுத்தால் நிற்கும் தூரம் கூடும். முழுதாக மிதித்து, மிதித்தபடியே இருக்க வேண்டும். அதைத் தயவுசெய்து நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள். அப்பா சொன்ன பழக்கத்தை நான் சொல்லி அவன் மாற்ற மாட்டான்.

நான் மஸ்ராங் இழுக்கிற இடம் பெரும்பாலும் 401 என்ற நெடுஞ்சாலையில் ஏறுகிற வளைவுதான். வளைவு முடியவில்லை, ஸ்ரியரிங் இன்னும் திரும்பியபடி இருக்கிறது, அதற்குள் வேகம் எடுக்க மிதிப்பார்கள். உங்கள் உரும்பிராய் வேலிக் கதைதான், இங்கே கிடுகுக்குப் பதிலாக இரும்புத் தடுப்பு. சில்லு நேரானபிறகு மிதிக்கச் சொல்லுங்கள்.

---

தெல்லிப்பளைப் பொடியன் (யாழ்ப்பாணம்) எழுதுகிறார்:

ஐயா, டிக்கிக்குள் நாலைந்து மூட்டை மண் போட்டால் பின்சில்லில் பாரம் விழாதா? சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போகும்போது எங்கள் வானுக்குப் பிடி நல்லாக இருக்கும், வெறுமையாகத் திரும்பும்போதுதான் வழுக்கும்.

---

ரோ ட்ரக் தம்பி:

ஒரு மூட்டை, கூடினால் இரண்டு. பின் அச்சுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி வைக்க வேண்டும். டிக்கியின் கடைசியில் பாரத்தைக் குவித்தால், வால் சுழலத் தொடங்கியபிறகு அந்தப் பாரமே அதை இன்னும் இழுத்துக்கொண்டு போகும். மூட்டையின் பெரிய உதவி வேறு: புதைந்தால் அந்த மண்ணையே சில்லுக்குக் கீழே கொட்டலாம். ஐயாவின் காவோலை மாதிரி.

---

வடதுருவத்துப் பிள்ளை (நோர்வே) எழுதுகிறார்:

அண்ணை, நான் நோர்வேயின் வடக்கில் தாதியாக இருக்கிறேன். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. கார்த்திகைக் கடைசியில் இருந்து தை நடுப்பகுதி வரை எங்களுக்குச் சூரியன் எழும்பாது. அந்த இருட்டில் ஐஸ் மேலேதான் நாள் முழுக்க ஓட்டம்.

இங்கே சாரதிப் பத்திரம் எடுக்க வேண்டுமானால் வழுக்கும் தளத்தில் ஒரு பயிற்சி கட்டாயம். வேண்டுமென்றே காரை வழுக்க விடுவார்கள். நான் அழுதுவிட்டேன், அவ்வளவு பயம். ஆனால் அன்று கற்றுக்கொண்டதைப் பிறகு எந்த வகுப்பிலும் கற்கவில்லை. கார் வழுக்கும்போது கண் எங்கே பார்க்கிறதோ கை அந்தப் பக்கம்தான் திருப்பும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் வெளியே போனால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, கிளச்சை மிதித்து, போக வேண்டிய பக்கம் ஸ்ரியரிங்கைத் திருப்பி, கார் நேராகத் தொடங்கியதும் ஸ்ரியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். அந்தக் கடைசிப் பாகத்தை மறந்தால் கார் மறுபக்கம் சுழன்று வீசும். கை மறக்காமல் இருக்க ஒரே வழி பழகுவதுதான். ரொறன்ரோப் பக்கமும் குளிர்கால ஓட்டப் பயிற்சி கொடுக்கிற இடங்கள் உண்டு. இல்லாவிட்டால், பெரிய வெறும் வாகனத் தரிப்பிடம் ஒன்றில், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, விடியற்காலையில் மெதுவாகப் பழகலாம்.

இன்னொன்று. மகன் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை என்றால் பயப்படுவான், பூச்சியம் என்றால் "இன்றைக்குப் பரவாயில்லை" என்று நினைப்பான். எனக்கு அது தலைகீழ். கடும் குளிரில் ஐஸ் காய்ந்து கரடாக இருக்கும். பூச்சியத்தை ஒட்டிய நாட்களில்தான் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், அப்போதுதான் படு வழுக்கல். பாலங்கள் மற்றத் தெருக்களுக்கு முதலே உறைந்துவிடும், கீழாலும் காற்று அடிப்பதால்.

என்னிடம் ஆணி பதித்த ரயர். ஒன்ராறியோவின் தெற்கில் அதற்கு அனுமதி இல்லை, அதனால் அதை நான் சொல்லவில்லை. ஆனால் ரயர் தேய்மானத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். எங்கள் நாட்டில் குளிர்காலத்தில் வெட்டு ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. புது ரயரில் இருக்கிற மெல்லிய கீறல்கள் தேயத் தேய மறைந்துவிடும், பிறகு பெயருக்குத்தான் வின்ரர் ரயர்.

கியர் கையால் மாற்றுகிற கார் என்றீர்கள். வெளிக்கிடும்போது இரண்டாவது கியரில், ஏணையை ஆட்டுகிற மாதிரி மெதுவாகக் கிளச்சை விடச் சொல்லுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது சட்டென்று கீழ்க் கியருக்குப் போட்டுக் கிளச்சை விட்டால், எஞ்சின் பின்சில்லைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். கைபிரேக் இழுத்த மாதிரி வால் சுழன்றுவிடும்.

---

நல்லூர் திரும்பியவர் (யாழ்ப்பாணம்) எழுதுகிறார்:

நான் ஜெர்மனியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். எல்லோரும் எப்படி ஓட்டுவது என்று சொல்கிறீர்கள். நான் காரின் பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன்: உப்பு.

ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து தினமும் ஓடிய லொறிகளின் அடித்தகடு எப்படித் துருப்பிடிக்கும் என்று கராஜ்காரர் உங்களுக்குத் தெரியும். அங்கே உப்பைத் தெருவிலேயே கொட்டுகிறார்கள். ஒன்ராறியோவின் கொட்ரிச் என்ற ஊரில் ஹியூரன் ஏரிக்கு அடியில் இருக்கிற உப்புச் சுரங்கம், நிலத்துக்கடியில் உள்ள உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது. அந்த உப்பு கரைந்து பிரேக் குழாய், சில்லு வளைவு, கதவடி எல்லாவற்றுக்குள்ளும் போய் இருக்கும். குளிர் தொடங்க முதல் காருக்கு அடியில் துருத் தடுப்பு எண்ணெய் அடிக்க வேண்டும். பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவையாவது அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், காரை நிறுத்தி வைக்கட்டும். கொரோலாவை விற்றது பிழை என்று சொல்வேன். இன்னொரு பழைய முன்சில்லுக் காரைக் குறைந்த விலையில் எடுத்து, மஸ்ராங்கை மார்கழியில் இருந்து பங்குனி வரை மூடி வைக்கலாம். பெற்றோல் தாங்கியை நிரப்பி, பற்றரியைச் சார்ஜில் போட்டு, ஓடாத மாதங்களுக்குக் காப்புறுதியில் மோதல் பகுதியை நிறுத்தி வைக்கலாம்.

இவ்வளவு பதிந்து கிடக்கிற கார் ஸ்நோவில் புதையும் என்பதையும் மறக்க வேண்டாம். நகரசபை லொறி தெருவை வழித்துக்கொண்டு போனபின் வாசலில் ஒரு வரம்பு மாதிரிப் பனி குவிந்திருக்கும். மஸ்ராங்கின் அடிக்கும் தரைக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அந்த வரம்பில் ஏறி வயிறு தட்டிவிட்டால் நாலு சில்லும் அந்தரத்தில்தான். அப்படி மாட்டிக்கொண்டு சூட்டுக்காக எஞ்சினை ஓட விடுவதானால், முதலில் புகைக்குழாயை மூடியிருக்கிற பனியைக் கையால் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நச்சுப் புகை உள்ளே வரும். ஆளே போய்விடும்.

---

கொக்குவில் கராஜ்:

தம்பிமார், தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் மருமகனைக் கொண்டு பெரிய எழுத்தில் எடுப்பித்து வாசித்தேன். நல்லூர் அண்ணை சொன்னபடி இரண்டாவது கார் வாங்க மகனிடம் இப்போது காசு இல்லை. இரவு வேலை முடிந்து வர பஸ்ஸும் ஒழுங்காக இல்லையாம். ஆகவே ஓடத்தான் போகிறான்.

புகைக்குழாய் விஷயத்தை முதலாவதாகச் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நண்பன் ஒருவன் நாலு வின்ரர் ரயர் மலிவாகத் தருகிறான் என்று சந்தோசமாகப் படம் அனுப்பினான். வெட்டு ஆழம் நன்றாகத்தான் இருந்தது. ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வருகிற நாலு இலக்கத்தைக் கிட்டக் காட்டச் சொன்னேன். 3413. அதாவது 2013ஆம் ஆண்டு முப்பத்துநாலாம் கிழமை செய்தது. வெட்டு இருந்து என்ன, இறப்பர் செத்துப்போயிருக்கும். வேண்டாம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. புது ரயருக்கு இங்கிருந்து கொஞ்சம் காசு அனுப்புகிறேன் என்றதற்கு, "வேண்டாம் அப்பா, உங்கடை கண் ஒப்பரேசனுக்கு வையுங்கோ, நான் தவணையிலை எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டான். 235/50, 18 அங்குலம், மலையும் பனிப்பூவும் போட்டது, நாலும். காப்புறுதியிலும் சிறு கழிவு உண்டாம். ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் போட்டால் 2016இல் இருந்து காப்புறுதிக்காரர் கழிவு தரவேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

---

ரோ ட்ரக் தம்பி:

ஐயா, கழிவு கட்டாயம்தான், காப்புறுதிக்காரருக்கு ரசீதை அனுப்பச் சொல்லுங்கள். நான் இருக்கிற இடமும் ஸ்காபரோதான். முதல் ஸ்நோ விழுந்தபிறகு வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வருகிறேன். எனக்குத் தெரிந்த களஞ்சியம் ஒன்றின் தரிப்பிடம் வார இறுதியில் வெறுமையாக இருக்கும், கேட்டு வைத்திருக்கிறேன். மகனின் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

---

கொக்குவில் கராஜ்:

நேற்று நடந்தது. அங்கே காலை ஏழு, எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை. மருமகன் போனை மேசை விளக்கில் சாய்த்து வைத்தார், நானும் மனைவியும் முன்னால் இருந்தோம். வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய முற்றம். ரோ ட்ரக் தம்பி பக்கத்து இருக்கையில் போனைப் பிடித்தபடி இருந்தார்.

இரண்டாவது கியரில் வெளிக்கிட்டான். சில்லு ஒரு தடவை சுழன்று, அடங்கி, கார் போனது. முதல் வளைவில் தம்பி வேண்டுமென்றே கூட மிதிக்கச் சொன்னார். போனில் எல்லாம் சுற்றியது. மனைவி கண்ணைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் தடவையும் சுழன்றது. நாலாம் தடவை வால் வெளியே போய், அவன் கை திரும்பி, பிறகு திரும்பி வந்து, கார் நேராக நின்றது. அவன் கை அந்தக் கடைசிப் பாகத்தை மறக்கவில்லை, தங்கச்சி.

பிறகு பிரேக். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து மிதித்தான். மிதித்த உடனே கடகடவென்று ஒரு சத்தம், எனக்கு இங்கே கொக்குவிலில் கேட்டது. "அப்பா, பிரேக் காலை உதைக்குது" என்று கத்தினான். காலை எடுக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு அப்படிப் பழக்கியது நான்தானே. "எடாதை, மிதிச்சபடி இரு, மிதிச்சபடி இரு" என்று நானும் கத்தினேன். மிதித்தபடி இருந்தான். நின்றது.

அடுத்த தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.